நாய்க்கு மூன்று கரண்டி

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது என்றால் முதலில் ஒரு பன்றி சாக வேண்டும். வேலை, வீடு, பஸ் டிக்கெட் எல்லாம் அப்புறம். முற்றத்தில் முழுப் பன்றி கம்பியில் சுழல வேண்டும், தெருவே உட்கார்ந்து தின்ன வேண்டும், குடிக்க வேண்டும், பாட வேண்டும், அழ வேண்டும். அதற்குப் பிறகு போகிறவன் போய்த்தான் ஆக வேண்டும். தின்ற பன்றியைத் திரும்பக் கொடு என்று யாரிடமும் கேட்க முடியாது பாருங்கள்.

எங்கள் பன்றி நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை செத்தது. நான், என் மனைவி ரூஷா, பதினாறு வயது மகள் மீர்த்தா, மூன்று பேரும் மறுநாள் ஜெர்மனிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஜெர்மனியில் இருந்த என் சித்தப்பா மகன் ஸ்திப்பான் போனில் சொல்லியிருந்தான்: "இங்க டைல்ஸ் ஒட்டற ஆளுக்கு அடிச்சுக்கறாங்க ஸ்வோன்கோ. கண்ண மூடிட்டு வா."

கண்ணை மூடிக்கொண்டு போவதில் எனக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை. வயது நாற்பத்தாறு. பக்கத்து ஊர் செங்கல் சூளையில் இருபது வருடம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால், எல்லா வேலையும். சூளையை மூடியபோது கையில் ஒரு கைகுலுக்கலோடு வெளியே வந்தேன். எனக்குக் கொத்து வேலை தெரியும், குழாய் தெரியும், கரண்ட் தெரியும், தச்சு தெரியும். எதற்கும் சான்றிதழ் மட்டும் கிடையாது. தொழிற்பள்ளியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் போர் வந்துவிட்டது என்று சொல்வேன். போர் வந்தது நான் பள்ளியை விட்டு ரொம்ப நாள் கழித்து. குரோவேஷியாவில் இதையெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆனால் என்னிடம் ஒரு குளியலறை இருந்தது. சுவர் முழுக்க நீல டைல்ஸ், நடுவில் துள்ளுகிற டால்பின் ஒன்று. கடல் எங்கள் சமவெளியிலிருந்து ஒரு பகல் பயணம். அதனால் என்ன? ஒரு குளிர்காலம் முழுக்க மண்டியிட்டு நானே ஒட்டியது. அந்தக் குளிர்காலம் மூன்று பேரும் பக்கத்து வீட்டு ஜூக்கா வீட்டில் குளித்தோம். முடிந்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதைப் படம் பிடித்து ஸ்திப்பானுக்கு அனுப்பினேன். அவன் முதலாளியிடம் காட்டினான். முதலாளி "வரச் சொல்" என்றாராம்.

விருந்துக்கு வருகிறேன். அன்றைக்கு என்னைப் பிடித்திருந்தது பேயா, பிளம் சாராயமா, இன்றுவரை தெரியவில்லை. பாதிப் பன்றி காலியானதும் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கினேன். இவர்களை இனி பார்க்கப் போவதில்லை, மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டே போகலாம் என்று தோன்றியது. அந்த யோசனை அப்போது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது.

"ஜூக்கா," என்றேன். ஜூக்கா என்றால் வெறும் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. மீர்த்தாவுக்கு ஞானத்தகப்பன். எங்கள் இரண்டு முற்றத்துக்கும் நடுவில் வேலியே கிடையாது. "முப்பது வருஷமா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். நீ காச்சற சாராயம் இருக்கே, அது குடிக்கற சரக்கே இல்லடா. டிராக்டர் கழுவ ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜூக்காவும் சிரித்தான். அங்கே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"மாந்தா," என்று கோயில் பாடகர் குழுத் தலைவி பக்கம் திரும்பினேன். "நீ உச்சிக்குப் போறப்ப மாதா சிலை கண்ண மூடிக்குது. கவனிச்சிருக்கியா?"

ரூஷா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் காலை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். "சாமி, உங்க பிரசங்கத்துக்கு நடுவுல நான் ஒரு தூக்கம் தூங்கி, கனா கண்டு, முழிச்சுப் பார்த்தா நீங்க இன்னும் அதே ஆட்டுக்குட்டியத் தேடிட்டிருக்கீங்க."

கடைசியாக மொத்தத் தெருவுக்கும் சேர்த்து ஒன்று சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இருக்காது. "உண்மைய சொல்லட்டுமா? இங்க மிச்சம் இருக்கறவன் எல்லாம் பாசத்துல இருக்கல. பயந்தாங்கொள்ளிங்க. அதான் இருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜூக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நான் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து அழுதேன். வீட்டிலிருந்ததை எல்லாம் வாரி வழங்கினேன். மிச்சமிருந்த இரண்டாவது பன்றி, கோழிகள், குளிர்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த விறகு, எங்கள் கறுப்பு நாய் காரோவ், எல்லாம் ஜூக்காவுக்கு. வீட்டுச் சாவியும் அவனிடம்தான். மறுநாள் காலை ஜூக்காவின் மனைவி காத்தா எங்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள், பயணம் தண்ணீர் மாதிரி ஓடட்டும் என்று. ஜூக்கா காரோவைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் வண்டியின் சைலன்சரை நானே ஒரு தகர டப்பாவை வெட்டிச் சுற்றிச் சரி செய்திருந்தேன். அந்தச் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

ஜெர்மனியில் நான் வேலை பார்த்த நேரம் ஒரு காபி குடிக்கிற நேரம்கூட இருக்காது. காபியும் யாரும் தரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி என்னையும் ஸ்திப்பானையும் தன் சொந்த வீட்டுக்கே அழைத்துப் போனார். விருந்தாளிகள் கழிப்பறையில் ஒரு சுவர் காலியாக இருந்தது. அதை ஒட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து மாதிரி ஒரு சின்னச் சுவர்.

எங்கள் ஊரில் ஒரு வேலைக்காரன் வீட்டுக்குள் நுழைந்ததும் கருவியை எடுக்க மாட்டான். அது மரியாதையே இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். ஏற்கெனவே செய்திருக்கிற வேலையை மேலும் கீழும் பார்ப்பான். நாக்கைச் சப்புக்கொட்டுவான். தலையை ஆட்டுவான். பிறகு சாவு வீட்டுக்கு வந்தவன் குரலில் கேட்பான்: "யாருய்யா உனக்கு இத செஞ்சது?" வீட்டுக்காரர் வெட்கப்பட்டு, போன ஆளின் பெயரைச் சொல்லித் திட்டுவார். அப்புறம் காபி வரும், சாராயம் வரும், வேலை ஆரம்பிக்கும். இதைக் கேட்காத வேலைக்காரனை எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். போன ஆளோடு கூட்டு என்று நினைப்பார்கள்.

அதனால் நான் முறைப்படி நின்றேன். தரையைப் பார்த்தேன். சப்புக்கொட்டினேன். குனிந்து ஒரு டைலை விரல் முட்டியால் தட்டினேன். டொக்கு என்றது, அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். அதுவும் டொக்கு. மனம் குளிர்ந்துபோனது. "யாருய்யா உனக்கு இத செஞ்சது?" என்றேன்.

ஸ்திப்பான் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். பிறகு என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அழகா இருக்குன்னு நீ சொன்னதா சொல்லியிருக்கேன். வாய மூடிட்டு வேலையப் பாரு," என்றான்.

வாயை மூடினேன். கை சும்மா இருக்கவில்லை. அவருக்குப் புரியட்டுமே என்று மறுபடி தட்டிக் காட்டினேன், காதில் கை வைத்துக் காட்டினேன், ஒட்டியவன் குடித்துவிட்டு ஒட்டியிருப்பான் என்பதற்குத் தள்ளாடிக் காட்டினேன். நன்றாகவே நடித்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த மனிதர் அமைதியாகத் தன் நெஞ்சில் விரலை வைத்தார். அப்புறம் நடைக்கூடச் சுவரைக் காட்டினார். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள், முத்திரையோடு, அவருடைய சான்றிதழ் தொங்கியது. டைல்ஸ் வேலையில் கைதேர்ந்த ஆசான் என்று அரசாங்கமே சொல்கிறதாம்.

"உன்னோட பேப்பர் எங்கன்னு கேக்கறார்," என்றான் ஸ்திப்பான்.

"டால்பின காட்டுனியே," என்றேன்.

முதலாளி மரியாதையாகக் கைகுலுக்கினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கைகுலுக்கல்களை வைத்து ஒரு வீடே கட்டலாம்.

ஸ்திப்பான் வீட்டில் அந்த வாரம் தங்கினோம். அவன் மனைவி தங்கமானவள். ஆனால் நாளாக ஆக எங்கள் காலைச் சுற்றியே வீடு கூட்டத் தொடங்கினாள். ரூஷாதான் சொன்னாள்: "வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றேன். "பன்றியையே தின்னுட்டாங்களே ரூஷா! அவ்வளவையும் பேசிட்டு எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் போறது?"

"பேசறப்ப இருந்துச்சே, அதே மூஞ்சிதான். வேற வாங்கியா தர முடியும்?"

கடைசியில் என் மூளையில்தான் அந்தத் திட்டம் உதித்தது. திரும்பிப் போவது, ஆனால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் இருப்பது. ஸ்திப்பான் வேறு வேலை பார்த்துச் சொன்னதும், அப்படியே சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது. நாங்கள் திரும்பி வந்தது ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மானம் தப்பித்துவிடும். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் ஊருக்குள் நுழைந்தோம். தெருவே கோயிலுக்குள் இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தேன், கணக்கு சரியாக இருந்தது. ஒரு ஜீவன் வெளியே இல்லை. மீர்த்தா இறங்கிக் களஞ்சியக் கதவைத் திறந்தாள். வண்டியைச் சோளத்தட்டைக்கு நடுவில் விட்டு மூடினோம். கதவு மாட்டிக்கொண்டது, நேரமானது, எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் கோயில் மணி அடிக்கவே இல்லை. அன்றைக்கு சாமியாரின் பிரசங்கம் என்றைக்கும் இல்லாத நீளம். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பின்கதவுச் சாவி ரூஷாவிடம் இருந்தது. ஜன்னல் ஷட்டர்களை நாங்கள் போகும்போதே இறக்கிவிட்டிருந்தோம். அவை அப்படியே கிடந்தன. உள்ளே இருட்டு. அடுப்பு மூட்ட முடியாது, புகைபோக்கி காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு போட முடியாது. கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினோம். ஜெர்மனிக்கு என்று கட்டி எடுத்துப்போன காரத் தொத்திறைச்சியை வெட்டித் தின்றோம், நிலவறையிலிருந்த ஊறுகாய் மிளகாயைத் தொட்டுக்கொண்டு. மூன்றாம் வேளைக்கு மேல் வயிறு எரிந்தது.

முதல் சிக்கல் காரோவ். அது அன்றைக்கு மத்தியானமே ஜூக்கா வீட்டிலிருந்து வந்து எங்கள் பின்கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது. வாலால் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"போ சனியனே, போ," என்று சாவித் துளை வழியாகக் கெஞ்சினேன். அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டியது.

மறுநாள் காத்தா வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பெரிய பானையைப் பின் ஜன்னல் திண்டில் வைத்தாள். "காரோவ், இந்தா உனக்கு பீன்ஸ் சூப்பு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் ஒரு முழு ரொட்டி. ரொட்டி மேல் மூன்று கரண்டி.

அவள் போனதும் பானையை உள்ளே இழுத்தோம். சூப்பு சூடாக இருந்தது. புகைத்த பன்றிக்கறியெல்லாம் போட்டிருந்தது.

"பாவம் காத்தா," என்றேன் வாய் நிறைய. "வயசாயிடுச்சு. நாய்க்குப் போய் கரண்டி வெச்சிருக்கா பாரு. அதுவும் மூணு."

மீர்த்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டாக்டர் ஒருவர் நோயாளியின் குடும்பத்தைப் பார்க்கிற பார்வை.

"அப்பா, நிஜமாவா சொல்ற?" என்றாள்.

"மெதுவா பேசுடி," என்றேன்.

அடுத்த நாள் ஜூக்கா ஒரு கை வண்டி விறகைக் கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் அடுக்கினான். "எங்க வீட்ல இடம் இல்லப்பா," என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கோபம் வந்தது. சும்மா கொடுத்த விறகு, அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டுகிறானே, எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். அன்றைக்கே சாயங்காலம் தெருவில் மாந்தாவின் குரல் கேட்டது: "அட, பனி எப்படி மூடிடுச்சு பாருங்க! யார் வீட்டுப் புகைபோக்கியில புகை வந்தாலும் இன்னிக்குத் தெரியாது!" வானத்தில் பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. நிலா பளிச்சென்று இருந்தது. இந்தத் தெருவுக்கே புத்தி பேதலித்துவிட்டது என்று நான் ரூஷாவிடம் சொன்னேன். ரூஷா எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

"ஏ, ஏ! என்ன பண்ற?"

"பனி மூடியிருக்காம்," என்றாள்.

வியாழக்கிழமை மீர்த்தா பையை எடுத்துப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகிறாளாம்.

"யாராவது பார்த்துட்டா?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல பார்க்கத்தான் செய்வாங்க அப்பா. வருகைப் பதிவுன்னு ஒண்ணு இருக்கு."

"இன்னும் ஒரே வாரம்டி. ஸ்திப்பான் சொல்லிடுவான்."

"ஸ்திப்பான் போனையே எடுக்கல," என்றாள் ரூஷா. "கேட்டுக்கோ மனுஷா. இவ இந்த வருஷம் தவறவிட்டா, இவளுக்கும் எந்தப் பேப்பரும் இருக்காது. உன்ன மாதிரி எல்லா வேலையும் தெரிஞ்சவளா நிப்பா. உனக்கு அது சம்மதமா?"

எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் திருடனைப் போல ஒளிந்துகொண்டு, மகளின் படிப்பைத் தன் மூஞ்சிக்கு விலையாக வைக்கிறான். தெரிந்தது, எல்லாம் தெரிந்தது. இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், "நான்தான் அந்தத் தைரியசாலி, வந்துட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விருந்தில் அவ்வளவு வந்த வாய்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

நாளைக்குள் உறைபனி வந்துவிட்டது. காலையில் முன்கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. ஜூக்கா! வீட்டில் ஆள் இல்லாவிட்டால் குளிருக்குக் குழாய் வெடிக்கும், தண்ணீரை மூடி வடித்துவிடு என்று சாவி கொடுக்கும்போது நான்தான் சொல்லியிருந்தேன். மூன்று பேரும் பறந்துபோய் ஜன்னல் இல்லாத ஒரே அறையில், அதாவது குளியலறையில், தொட்டிக்குள் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டோம். அப்போதுதான் நினைவு வந்தது, தண்ணீர் வால்வு குளியலறையில்தான் இருக்கிறது. அதை அங்கே வைத்த அறிவாளியும் நானே.

ஜூக்கா சீட்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வால்வைத் தொடவே இல்லை. கழிப்பறைப் பீங்கானின் மூடியைச் சாத்தி, அதன் மேல் உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு விட்டான். ரூஷா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பிறகு எழுந்தான். சுவர் ஓரமாக நடந்தான். டொக்கு என்று ஒரு தட்டு. நாக்கைச் சப்புக்கொட்டினான். டொக்கு டொக்கு. டால்பின் வயிறு அது, எனக்குத் தெரியும். என் காது சூடானது.

"ஐயோ ஐயோ," என்றான் ஜூக்கா, சாவு வீட்டுக் குரலில். "யாருய்யா உனக்கு இத செஞ்சது?"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வாலப் பாரு, எங்க போகுது? டால்பினா இது? வெள்ளரிக்கா மாதிரி இருக்கு. அதுவும் கோணலா."

"அது கோணல் இல்லடா!" என்று கத்திவிட்டேன். "சுவருதான் கோணல்!"

திரை விலகியது. ஜூக்கா எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை. மீர்த்தாவைப் பார்த்துத் தலையசைத்தான். "சுவர் யாரு கட்டினது?" என்று என்னைக் கேட்டான்.

"நானு."

"ம்," என்றான்.

அதற்குமேல் அடக்க முடியாமல் மீர்த்தா சிரிக்க ஆரம்பித்தாள். ரூஷா சிரித்தாள். நான் கோட்டும் தொப்பியுமாகத் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"எப்பக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"நீ வந்த அன்னிக்கே. உன் வண்டி சைலன்சர் சத்தம் கோயிலுக்குள்ள வந்துச்சுடா. மாந்தா பாட்ட பாதியில நிறுத்திட்டா. 'ஸ்வோன்கோ திரும்பிட்டான்'னு பின்னாடி யாரோ சொன்னாங்க. நீ வண்டிய உள்ள விடணுமேன்னு சாமி பிரசங்கத்த இழுத்தாரு பாரு, இழுத்தாரு. அவருக்கே சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. தொலஞ்ச ஆட்டுக்குட்டி கதைய ரெண்டு தடவ சொன்னாரு. வெளிய எட்டிப் பார்க்கறது, வந்து சொல்றது, இதுக்குன்னே காத்தாவ வாசல்ல நிறுத்தியிருந்தோம். 'களஞ்சியக் கதவு மாட்டிக்கிச்சு, இன்னும் கொஞ்சம்'னு அவ வந்து சைகை காட்டறா!"

தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். "அப்புறம் ஏண்டா சொல்லல?"

"எப்படி சொல்றது? போறேன்னு நீதான சொன்ன. பன்றியத் தின்னாச்சு. வந்துட்டேன்னும் நீதான் சொல்லணும். நாங்க சொன்னா நல்லாவா இருக்கும்?" அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "ஆனா உறைபனி வந்துடுச்சு. குழாய மூடணும்னு நீ சொல்லியிருக்க. மூடினா நீங்க தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க? அதான் வந்தேன்."

"ஜூக்கா," என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது..."

"எது? சாராயமா?"

"பயந்தாங்கொள்ளின்னு சொன்னேனே."

அவன் டால்பினைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது உண்மைதான்," என்றான் மெதுவாக. "காத்தாவும் நானும் ரெண்டு தடவ பெட்டி கட்டினோம். ரெண்டு தடவையும் எனக்கு பயமாயிடுச்சு. இந்த வயசுல அங்க போய் யாராவது பேப்பர் கேட்டா என்னடா காட்டுவேன்? உனக்கு டால்பினாவது இருந்துச்சு." பிறகு விரலை நீட்டினான். "ஆனா சாராயத்தப் பத்திச் சொன்ன பார், அது அபாண்டம். அத நான் மறக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சமே இல்லாமல் அழுதேன். ஜூக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை உன் பன்றிய வெட்டறோம்," என்றான். "வால் பிடிக்க ஆள் இல்ல."

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பன்றி வெட்டும்போது ஆளுக்கொரு வேலை உண்டு. கத்தி பிடிப்பவன், கால் பிடிப்பவன், வெந்நீர் ஊற்றுபவன், தொத்திறைச்சி அடைப்பவள். எல்லா வேலையும் தெரிந்த எனக்கு இருபத்தைந்து வருடமாக அவர்கள் கொடுத்து வந்தது வால். சனிக்கிழமை போனேன். முதலில் ஜூக்கா கோப்பையை நீட்டினான், குடித்தேன், "தேன்டா" என்றேன். மறுபடி ஊற்றினான். மறுபடி தேன் என்றேன். மாந்தா என் காதருகே வந்து நின்று உச்சியில் ஒரு பாட்டு முழுக்கப் பாடினாள். சாமியார் உணவுக்கு முன் ஜெபித்தார். அது முடிவதற்குள் சூப்பு ஆறிவிட்டது, நான் கண்ணைத் திறக்கவே இல்லை. "ஜெர்மனி எப்படி இருந்துச்சு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மீர்த்தா திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள்.

இனி வேலை தேடும் பொறுப்பை ரூஷா எடுத்துக்கொண்டாள். அவளே ஸ்திப்பான் மனைவிக்குப் போன் போட்டாள். அந்த ஊரில் ஒரு பெரிய சலவைக் கூடம், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வருமாம். சான்றிதழ் வேண்டாம். அவளை எடுத்துக்கொண்டார்கள். "என் வீட்டுக்காரரும் இருக்காரு, கூடை தூக்குவாரு. ஆனா பேச மாட்டாரு," என்று சொல்லி எனக்கும் வாங்கிக் கொடுத்தாள். ஜூனில் மீர்த்தாவுக்குப் பள்ளி முடிந்ததும் கிளம்புவது என்று முடிவானது.

நான் ஜூக்காவிடம் போய், "பன்றிக்கு என்ன பண்ணலாம்?" என்றேன்.

"என்ன பன்றி?"

"வழியனுப்ப."

"அதெல்லாம் கிடையாது," என்றான் வெடுக்கென்று. "ஒரு தடவ அனுப்பியாச்சு. இனிமே உன்ன யாரும் அனுப்ப மாட்டோம். தெருவுல பேசி முடிவு பண்ணிட்டோம்."

உள்ளுக்குள் வலித்தது. சரி, பேசிய பேச்சுக்கு இது நியாயம்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று பளபளவென்று காலை வெயில். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருவில் ஒரு ஆள் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா வீட்டு ஜன்னல் ஷட்டர்களும் கீழே இறங்கியிருந்தன. ஆள் இருக்கிற வீடுகளும் ஆள் போய்விட்ட வீடுகளும் ஒரே மாதிரி இருந்தன.

"எல்லாரும் எங்க?" என்றாள் ரூஷா. அவள் குரல் உடைந்திருந்தது.

வண்டியை மெல்ல உருட்டினேன். மாந்தா வீட்டைத் தாண்டும்போதுதான் பார்த்தேன். ஷட்டரின் பட்டைகளுக்கு நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி. அதற்குப் பின்னால் ஏதோ அசைந்தது. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. அடுத்த வீட்டுத் திண்டில் காபிக் கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அதே இடைவெளி. ஒவ்வொரு வீட்டிலும். வழியனுப்ப மாட்டோம் என்ற பேச்சைக் காப்பாற்ற, அன்றைக்கு நான் ஒளிந்தது போலவே இப்போது மொத்தத் தெருவும் ஒளிந்துகொண்டிருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஜூக்கா வீட்டு முன்னால் நிறுத்தினேன். உள்ளே காரோவ் குரைத்தது. யாரோ "உஷ்" என்றார்கள்.

"ஜூக்கா!" என்று கூப்பிட்டேன்.

ஒரு தடவை ஹாரன் அடித்தேன்.

"டேய் ஜூக்கா, உள்ளதான இருக்க?"

"வீட்ல யாரும் இல்ல," என்றது ஜூக்காவின் குரல், ஷட்டருக்கு மிக அருகிலிருந்து. "போயிட்டு வா."

கியரைப் போட்டேன்.

"இந்தா ஸ்வோன்கோ," என்றது அந்தக் குரல் மறுபடி, இந்த முறை கொஞ்சம் கரகரத்து. "அங்க போய் அந்த சைலன்சர மட்டும் மாத்திடாத. நீ வந்தா எங்களுக்குத் தெரியணும்ல."

மீர்த்தா பின் இருக்கையில் மூக்கை உறிஞ்சினாள். நான் வண்டியைக் கிளப்பினேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.